அப்பாவைக் கூப்பிட ஒரு பெயர்

ரந்தாவ்,
டிசம்பர் 1996

அன்பு மகன் அர்ச்சுனனுக்கு அம்மா எழுதுவது. இதை எழுதும்போது நம் தோட்டத்து லயத்து வீட்டுச் சமையற்கட்டில் நான், உன் அப்பா, கோயில் பூசாரி நல்லசாமி, பக்கத்து வீட்டு ராக்கம்மா ஆக நால்வர் இருக்கிறோம். அம்மன் புண்ணியத்தில் நால்வருக்கும் சுகம்தான், மெல்பர்னில் உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று மறைக்காமல் எழுது.

உனக்கு இருப்பது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று டாக்டர் சொன்னதையும், அதே கோளாறுள்ள பெரியவர்கள் வாராவாரம் கூடி ஒருவருக்கொருவர் துணையாயிருப்பதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இது நோயா? நான் நம்ம வம்சத்துக் குணம்னுல்ல நெனச்சேன்" என்றார். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பை ஓடவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாரே, போன மாதம் அப்படித் தொட்டி வழிந்து மேனேஜர் துரையின் காருக்குள் தவளை புகுந்துவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் வேலையும் கிடையாது, இந்த வீடும் கிடையாது என்று ஆபீஸ் கிராணி வந்து சொல்லிவிட்டார். பம்பை வேறு யாரும் தொடக்கூடாதென்றும் உத்தரவு. அதனால்தான் உன்னைப் பார்த்து இங்கேயும் ஒரு கூட்டம் ஆரம்பித்தோம்.

நீ எழுதிய "சப்போர்ட் குரூப்" என்பதை அப்பா அப்படியே சொல்லிவிட்டார். யாரோ தேர்தலில் நிற்கிறார் என்று லயமே திரண்டு வந்து, "யாருக்குலா சப்போர்ட்டு? நாசி சோத்துப் பொட்டலம் எங்க?" என்று கேட்டது. எல்லாரும் கலைந்த பிறகு மிஞ்சியது அப்பா, பூசாரி, ராக்கம்மா மூவர்தான், அவர்களும் எதற்கு வந்தோம் என்று என்னையே கேட்டார்கள். ஆனால் ஓர் அதிசயம், தன் வேலையை மறக்கிறவருக்கு அடுத்தவர் வேலை மறப்பதில்லை. ராக்கம்மா உலையில் போட்ட அரிசியை அப்பா ஓடிப்போய் இறக்குகிறார். பூசாரி விபூதித் தட்டை எங்கே வைத்தார் என்பது ராக்கம்மாவுக்குத் தெரிகிறது. பூசாரியோ தீபாராதனை நடுவிலேயே அப்பா பெயரைச் சொல்லி, "பம்பு!" என்று கத்துகிறார், அப்பா ஓடுகிறார். அதையும் மந்திரம் என்று நினைத்துச் சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு "பம்பு, பம்பு" என்கிறார்கள். அம்மன் கோபித்ததாகத் தெரியவில்லை, தொட்டியும் வழியவில்லை.

இப்போது கஷ்டம் என்னவென்றால், தைப்பூசம் முடிந்ததும் நல்லசாமி தன் மகள் கல்யாணத்துக்குப் பெடாஸ் ஊருக்குப் போகிறார், பத்து நாள் வரமாட்டார். யார் கத்துவது? நான் அப்பா பெயரைச் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். "இந்தாங்க, பம்பு" என்றால் "ம்" என்பதோடு சரி. "நீ சொன்னா வீட்டுப் பேச்சு, எங்க குரூப்பு ஆளு சொன்னாத்தான் ஒறைக்குது" என்கிறார். ராக்கம்மா அவர்கள் ஆள்தான், ஆனால் அவள் புருஷனுடைய அண்ணனுக்கும் அதே பெயர், அவளும் சொல்லமாட்டாள். "அண்ணே" என்றால் லயத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அப்பாவைத் தவிர. நேற்று ஒத்திகை பார்த்தோம். "மங்கம்மா வூட்டுக்காரரே, அர்ச்சுனனோட அப்பாவே" என்று கூப்பிட்டு முடித்த ராக்கம்மா, "எதுக்குக் கூப்பிட்டேன்?" என்று அவரையே கேட்டாள். அவர், "ஒலையில அரிசி போட்டியா?" என்றார். இரண்டு பேரும் அரிசியைப் பார்க்க ஓடிவிட்டார்கள்.

ஆகையால் அப்பாவுக்கு நீ ஒரு பெயர் வைக்கவேண்டும். ராக்கம்மா வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக, மறப்பதற்குள் சொல்லி முடிகிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். மகன் வைத்தால் திரும்பிப் பார்ப்பேன் என்று அப்பா ஒப்புக்கொண்டார். உன் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதே, வேளைக்குச் சாப்பிடு. அம்மன் உன்னை நல்லபடி வைத்திருப்பாள்.

தைப்பூசத்துக்குள் வந்து சேரும்படி சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
மங்கம்மா