அக்கா சொன்ன பச்சை

ஜூன் 3
கடையில் துணி போட்டுப் பார்க்கிற அறைக்கு அடர் பச்சை என்று முடிவாகிவிட்டது. எந்த அடர் பச்சை என்பதில்தான் அக்காவுக்கும் எனக்கும் இழுபறி. பெயின்டர் இரண்டு அட்டைகளில் பூசிக் கொடுத்தார். ஒன்றில் நீலம் ஓடுகிறது, மற்றதில் மஞ்சள். மஞ்சளை அடித்தால் கண்ணாடியில் எல்லோரும் காமாலை வந்தவர்கள் மாதிரி தெரிவார்கள். பிறகு எவள் நம்மிடம் தைக்க வருவாள்?

அக்கா பார்த்தவுடன் இடது பக்கம் என்றாள். அதுதான் மஞ்சள்.

ஜூன் 4
இன்றும் இடதுதான். எனக்கு ரசனை போதாதாம்.

ஜூன் 6
கருநீலப் பேன்ட் ஒன்று திரும்பி வந்தது. அக்கா நேற்று மடித்துத் தைத்தது, கறுப்பு நூலில். வெளிச்சம் போதவில்லை என்றாள். பகல் பதினோரு மணி, கதவு விரியத் திறந்திருக்கிறது! அம்மாவும் இப்படிச் சாக்குச் சொல்லிச் சொல்லியே பார்வையைத் தொலைத்தாள். கண் டாக்டரிடம் போகலாம் என்றாலே அக்கா எழுந்து போய்விடுகிறாள்.

ஜூன் 7
கேவலமான காரியம் செய்தேன். அக்கா பட்டன் தேடும்போது அட்டைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"இடதுன்னு எத்தன தடவ சொல்றது?"

அங்கே இருந்தது நீலம். மாத்தி வச்சிட்டேன்க்கா என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 8
வரவில்லை. போனை எடுக்கவில்லை. கூடப்பிறந்தவளுக்கா பரீட்சை வைப்பாங்க? நான்லாம் ஒரு மனுஷியா?

சாயந்திரம் உறைத்தது. ஐந்தாம் தேதி நூல் பெட்டியைத் துடைத்து நான் வேறு மாதிரி அடுக்கியிருந்தேன். அவள் இத்தனை நாள் இடத்தை வைத்துத்தான் நூல் எடுத்திருக்கிறாள்.

ஜூன் 10
நீலத்தையே அடிக்கச் சொன்னேன்.

ஜூன் 12
அக்கா வந்தாள். முகம் கொடுக்காமல் நேராகப் புது அறைக்குள் போய் நெடுநேரம் நின்றாள். நான் ஏதோ தையலைப் பிரிப்பதுபோல் குனிந்திருந்தேன்.

"எதை அடிச்சிருக்கே?"

கோபமில்லை. தெரியாமல்தான் கேட்கிறாள். சொன்னேன்.

"நல்லாயிருக்கா?" என்றாள். பிறகு, "அந்த டாக்டர் சனிக்கிழம இருப்பாரா?"

ஜூன் 14
கடை திறக்கவில்லை. எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பாமல், "ரெண்டு வருஷமா" என்றாள்.

ரெண்டு வருஷமும் நான் பக்கத்து மிஷின்லதானே உட்கார்ந்திருந்தேன்.