கைப்பையில் ஒரு வால்வு

இஞ்சாருங்கோ,

நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. இப்படிக் கூப்பிட்டால் அறைக்குள்ளிருந்து "ஓம், வாறன்" என்று குரல் வருமென்று காது இன்னும் காத்திருக்கிறது. வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அண்ணையைக் கடைசியில் பிடித்துவிட்டேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமென்பதால் பழைய கதையைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். வட்டுக்கோட்டையில் என் அண்ணையின் வால்வு றேடியோவை நீங்கள் திருத்திக் கொடுத்தீர்கள். "உதிலை கண்டென்சரெல்லாம் போற நிலையிலை கிடக்கு. மாத்துவம் எண்டன், உன்ரை அண்ணை வேண்டாமெண்டிட்டார்" என்று அன்றே என்னிடம் சொன்னீர்கள். ஒரு கிழமையில் றேடியோ ஊமையானது. வால்வுகள் வழமைபோல் வெளிச்சமாய் எரிந்தன, சத்தம் மட்டும் இல்லை. சொந்தக்காரர் எல்லாரும் இருக்க, விறாந்தையில் வைத்து அண்ணை சொன்னார்: "நல்ல வால்வைக் கழட்டிப்போட்டு மச்சான் செத்த வால்வைப் போட்டிட்டார்."

திறந்து காட்டுகிறேன் என்றீர்கள். அவர் தொட விடவில்லை. கொஞ்ச நாளில் சண்டை தொடங்கி, குடாநாட்டுக்கே கரண்ட் போய்விட்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட வருசங்களில் வால்வு றேடியோவை எதில் ஓட்டிக் காட்டுவது? கரண்ட் திரும்பி வந்தபோது 'வால்வுக் கள்ளன்' என்ற பட்டம் உங்களோடு ஒட்டிவிட்டது. அதன்பிறகு எந்த றேடியோவையும் நீங்கள் தொடவில்லை. அண்ணையோ அதை அலுமாரிக்கு மேல் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். உங்கள் செத்தவீட்டிலும் ஒருவர் மற்றவருக்கு மெல்லிய குரலில் அதைச் சொன்னார். உங்கள் தலைமாட்டில் இருந்தபடி கேட்டேன். அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு கொடிகாமத்துப் பழைய சாமான் கடைக்குப் போனேன். பெட்டியின் மினுக்கத்தில் மயங்கி முதல் றேடியோவை வாங்கினேன். வீட்டில் பின்பலகையைத் திறந்தால் ட்ரான்ஸ்போமரே இல்லை. செம்புக்காக யாரோ எப்போதோ பிடுங்கியிருக்கிறார்கள். இரண்டாவதை உள்ளே பார்த்து வாங்கி, அவசரத்தில் நேரே பிளக்கில் குத்தினேன். கண்டென்சர் வெடித்துக் குசினியெல்லாம் நாற்றம். மூன்றாவதில்தான் புத்தி வந்தது. பழைய றேடியோவுக்கு முதல் தடவை ஒரு குண்டு பல்பு வழியாகத்தான் கரண்ட் விட வேண்டும். பல்பு பளீரென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சருக்குள் கரண்ட் நிற்கும் என்பதை ஒரு அடி வாங்கிப் படித்தேன். இதையெல்லாம் ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை என்பதாலா?

போனில் வீடியோ பார்த்து, விரலைச் சுட்டு, ஆறாவது றேடியோ பாடியபோது நான் அழவில்லை. "இருங்கோ அண்ணை, வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

போன ஞாயிறு அவருக்கு எண்பதாவது பிறந்தநாள். கனடாவிலிருந்து அவருடைய மகள், என் மருமகள், வந்திருந்தாள். பழைய சொந்தக்காரரில் உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

"அண்ணை, உந்த றேடியோவை நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்றேன்.

"புருசன் கெடுத்ததை மனிசி திருத்தப் போறாவாம்" என்று சபையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் காத்திருந்தேன். எல்லாரும் கதிரைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

ஐந்து வால்வையும் கழற்றி மருமகளின் கையிலிருந்த தாம்பாளத்தில் வைத்தேன். மெழுகு வழிந்த கண்டென்சர்களை வெட்டியெடுத்துப் புதியவை வைத்து ஈயம் பற்றவைத்தேன். ஒரு மணித்தியாலம் போனது. பிறகு அதே ஐந்து வால்வையும் அவள் கையாலேயே குத்த வைத்து, பல்பு வழியாகக் கரண்ட் விட்டுப் பார்த்தேன். பல்பு அடங்கியது. நேரே கொடுத்தேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கரகரப்பு, அதற்குள்ளிருந்து நாதசுரம்.

"அதே வால்வுதான் மாமி, நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்" என்றாள் மருமகள்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஓடுதுதானே. பழசை ஏன் கிளறுறாய்?"

பழசா? முப்பது வருசத்துக்கு மேலாக அதைப் பழசாக விடாமல் வைத்திருந்தவர் யார்? றேடியோவை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஆறும்வரை காத்திருந்து, ஒரு வால்வை இழுத்தெடுத்தேன். முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.

"எங்கை கொண்டு போறாய்?"

"இவர் வால்வு எடுத்தவர் எண்டு இவ்வளவு காலமும் சொன்னியள். இப்பதான் அண்ணை, நான் எடுத்திருக்கிறன்."

யாரும் சிரிக்கவில்லை.

வால்வு இப்போது உங்கள் படத்துக்கு முன்னால், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் வருசம் முடிந்து உங்கள் ஆட்டைத் திவசம். அன்றைக்கு அதே சொந்தக்காரர் முன்னால் அண்ணை எழுந்து நின்று "மச்சான் எடுக்கேல்லை" என்று சொன்னால் திருப்பித் தருவேன் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று போன் எடுத்தார். "தனிய வந்து சொல்லட்டோ, பிள்ளை?" என்றார். "விறாந்தையிலை எல்லாருக்கும் முன்னாலைதானே சொன்னனீங்கள்" என்று வைத்துவிட்டேன்.

வயதான மனிதரை இப்படி நிறுத்துவது பாவம் என்பீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

வந்து சொன்னால் அன்றே என் கையால் அந்த வால்வைக் குத்திவிட்டு வருவேன். சொல்லாமலே அவர் கண்ணை மூடினால், அவருடைய செத்தவீட்டுக்கும் கட்டாயம் போவேன். தலைமாட்டில் இருந்துகொண்டு, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் மெல்லிய குரலில் இந்தக் கதையை நான் சொல்வேன்.

நம் வீட்டில் வால்வு எடுத்த ஒரே ஆள்,
உங்கள் மனிசி