காட்டு ஸ்ட்ராபெரி இலையும் உன் கால் புண்ணும்

அடி தோழி,

இன்று சமையலறை அலமாரியைத் துடைத்தபோது நீ கொடுத்த பொட்டலம் கையில் பட்டது. காட்டு ஸ்ட்ராபெரி இலை. பிரித்தால் காய்ந்த வைக்கோல் வாசம். முகர்ந்ததும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பின்பக்கம் முழுக்கப் பலன்கள். வயிற்றுக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, ரத்தம் சுத்தமாகும், சர்க்கரை இறங்கும், புண் ஆறும். செத்தவரை எழுப்பும் என்பதை மட்டும் இடமில்லாமல் விட்டுவிட்டார்கள் போல. வயிறு கெட்ட ஒரு நாளில் இதன் துவர்ப்புத் தண்ணீர் எனக்குக் கேட்டது உண்மைதான். பழமும் நல்ல பழமாகத்தான் இருக்கும். இலை மேல் எனக்குக் கோபமில்லை. உன் மேல்தான்.

அலோர் காஜா டவுன் துணிக்கடையில் பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் துணி வெட்டினோம். அரை அங்குலம் கோணினால் என்னைத் திட்டித் தீர்ப்பாய். அப்படிப்பட்ட நீ, கைப்பேசியில் எவனோ கூவி விற்றதை நம்பி, நம் இருவருக்கும் கிளினிக்கில் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நீ மட்டும் நிறுத்தினாய். கிளேபாங் கடற்கரைக் கடையில் ஐஸ்கிரீம் மிதக்கும் தேங்காய் ஷேக்கை உறிஞ்சிவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து இந்த இலைத் தண்ணீரையும் குடிப்பாய்.

"இது பாத்துக்கும்லா. நீ சும்மா பயந்து சாவாத."

யாரடி செத்தது?

அங்கேதான் ஒருநாள் செருப்பைக் கழற்றிக் காட்டினாய். கட்டைவிரல் கறுத்திருந்தது. அதன்மேல் இதே இலையை அரைத்து வைத்துக் கட்டியிருந்தாய். ஆஸ்பத்திரிக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறினாய்.

"வெட்டிருவாங்கடி. ஒரு வாரம் பாப்போம். மககிட்ட மட்டும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். அந்த ஒரு வாரத்தில் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது. காலை எடுத்தும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. முன்பே போயிருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும். இன்றைக்கும் எதிரில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உன் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அம்மா கால் அப்படி இருந்தது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா நீங்களாவது எனக்கு ஒரு போன் போட்டிருப்பீங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். ஈரக் கையோடு அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். போன பிறகும் என்னைப் பொய் சொல்ல வைக்கிறாயே, உன்னை என்ன செய்வது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறாள். "மாத்திரை போட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்கிறாள். போட்டேன் என்கிறேன். உன் மகளிடம் நான் சொல்லும் ஒரே உண்மை அதுதான்.