மருமகன் கேட்காத கேள்வி

2024.07.08

கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்று ஐந்து வருடம். இன்னும் காலை ஏழரைக்குக் கால் சும்மா இருப்பதில்லை.

இன்று முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் ஸப்னா வந்து பக்கத்தில் இருந்தாள். கேட்காமல் அவள் கீரை ஆய வந்தால் ஏதோ சொல்லப் போகிறாள் என்று பொருள்.

"உம்மா, அவருக்கு வெளிநாட்டுல, கட்டார்ல வேல கெடச்சிரிக்கி. பெரிய குளிர் அறை ஒண்டு, அதப் பார்க்கிற வேல. ரெண்டு வருசம்."

"நல்லந்தானே. அவர் என்ன சொல்றார்?"

"ஒங்களுக்கிட்ட கேக்கட்டாம்."

"அவர்ர வேல. அவர்தானே முடிவெடுக்கணும்" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக ஒரு திருப்தி.

2024.07.09

மருமகன் ஸலாஹுதீன் கல்முனையில் ஒரு கடையில் ஃப்ரிட்ஜும் ஏசியும் திருத்துகிறார். கைராசிக்காரர். எங்கள் பக்க வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வந்து மூன்று வருடம். ஸப்னாவின் வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்.

இந்த மூன்று வருடத்தில் நானும் மருமகனும் பத்துச் சொல் பேசியிருப்போமா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வருவார், நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். பல்பு மாற்ற வேண்டுமென்றால் நான் ஸப்னாவிடம் சொல்வேன். தேத்தண்ணி வேண்டுமென்றால் அவரும் ஸப்னாவிடம்தான். மார்க்கம் தடுக்கவில்லை, அதில் மருமகன் மகனைப் போலத்தான். வழக்கம் அப்படி. மாமியோடு நேரே நின்று கதைப்பது மரியாதையில்லை.

2024.07.12 வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மருமகன் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள் ஸப்னா.

பக்கத்து வீட்டு உம்மு வேலியால் எட்டிக் கேட்டாள்: "றாஹிலா டீச்சர், மருமகன் போனா ஊட்டுல ஆம்புள ஆரு? கள்ளன் வந்தா என்ன செய்வீங்க?"

"பதினேழாம் வாய்ப்பாடு கேப்பன். சொல்லாட்டி விடமாட்டன்."

2024.07.15

மருமகன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நானாகக் கேட்பது அழகில்லை.

2024.07.19

ஸப்னா அழுகிறாள். திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கொழும்புக்குப் போக வேண்டும். அவர் மாட்டேன் என்று சொல்லப் போகிறாராம்.

"ஏன்?"

"மாமிக்கு விருப்பமில்லையாம். விருப்பமெண்டா 'போகட்டும்' எண்டு சொல்லியிருப்பாங்களாம். நீங்களே முடிவெடுங்க எண்டா அது கோவமாம்."

கோபமா? எனக்கா?

பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கரும்பலகையில் கணக்கைச் செய்துகொண்டு போகும். பாதியில் திரும்பி என் முகத்தைப் பார்க்கும். நான் பேசாமல் நிற்பேன். உடனே, சரியாகச் செய்ததை எல்லாம் அழித்துவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: நான் பேசாமல் நின்றால், சரி, மேலே போ என்று அர்த்தம். எத்தனை வகுப்புக்குச் சொன்னேன். என் வீட்டுக்குள் இருக்கிற மனுசனுக்குச் சொல்லவில்லையே.

ஸப்னாவிடம் சொல்லி அனுப்பலாமா? வேண்டாம். போன தடவையும் அப்படி அனுப்பிய சொல்தான் இந்த நிலையில் போய் விழுந்திருக்கிறது.

2024.07.20

அஸர் தொழுகைக்குப் பிறகு மருமகன் முன் ஹோலில் உட்கார்ந்து காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் குசினியிலிருந்து வெளியே வந்தேன். எழும்பி வாசலால் போகப் பார்த்தார். வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"மருமகன், இரிங்க."

இருக்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார்.

"எனக்கு ஒங்கள்ல ஒரு கோவமும் இல்ல. நல்ல வேல. போங்க."

மற்றச் சப்பாத்தைக் கையில் எடுத்தார். பிறகு, "மாமி தனிய..."

"ஸப்னா இரிக்காள்தானே. நாப்பத்தஞ்சு புள்ளைகள ஒரு வகுப்பில வச்சிக் கட்டியாண்டவள் நான்."

"இல்ல மாமி... ஊர் கதைக்கும். ஊட்ட வாங்கிட்டு பொம்புளைகள உட்டுட்டுப் போயிட்டான் எண்டு."

அதுதானா? பத்து நாளாக அதையா சுமந்துகொண்டு திரிந்தார்?

"கதைச்சா கதைக்கட்டும். ஒங்கள நாங்க மாப்புளயாத்தான் எடுத்த, காவலுக்கு இல்ல."

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை இன்றுதான் நேரே கண்டேன். முன்பல் ஒன்று லேசாகச் சரிந்திருக்கிறது.

குசினிக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். மரியாதை எங்கும் உடைந்து கிடக்கவில்லை.

2024.07.22

ஒப்பந்தம் போய்விட்டது.

2024.09.03

மருமகன் இன்று புறப்பட்டார். "போயிட்டு வாறன் மாமி" என்று என்னிடமே சொன்னார். ஸப்னா வேன் திரும்பும்வரை அழவில்லை. திரும்பிய பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

2024.10.19

இன்று வீடியோவில் அந்தக் குளிர் அறையைக் காட்டினார். "மைனஸ் பதினெட்டு மாமி. மூச்சு உட்டா மீசையில ஐஸ் கட்டும்." சுவர் எத்தனை அங்குலம் என்று கேட்டேன், அளந்தே காட்டினார். கதவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பார்கள், அதில் எவ்வளவு குளிர் போகும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். அவர் எனக்கு முன்பே விடை சொல்லிவிட்டார்.

ஸப்னா புதுச் சல்வார் உடுத்திக்கொண்டு பக்கத்திலேயே காத்திருந்தாள்.

"உம்மா, அவர் எனக்கு மாப்புளயா, ஒங்களுக்கா? போனத் தாங்க."

கொடுத்தேன். சார்ஜ் நூற்றுக்கு இரண்டு வீதம்தான் மிச்சம் இருந்தது.