மூன்றிலேயே நுழைகிறவர்கள்

அவசரக்கார மச்சான் மணியத்துக்கு,

முடிந்தது மச்சான். சிங்கப்பூரில் ஆறு சனிக்கிழமையும் முடிந்து, சாமான்களோடு வீடு வந்து சேர்ந்துவிட்டோம். நம் இசைக்குழு உடையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் நீ.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை. உன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் கோப்பி வைத்துவிட்டு, "ஆறிப்போறதுக்குள்ள குடிச்சிடுண்ணே" என்று அதட்டிவிட்டுப் போனாள் கலா. உன் தங்கை உன்னை அதட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மாதமாக இந்தப் படத்துக்கு நேரே உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் நீ. "வெளிநாட்டுல ஒரே ஹால்ல ஆறு வாரம்டா! எவனாவது வாசிச்சிருக்கானா?" என்று நாம் ஒத்திகை பார்க்கிற டயர் கடை மாடியில் குதித்தாய். சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டினால் வெளிநாடா என்று நாங்கள் சிரித்தோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலை விட்டு வந்தவன், நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி, மோட்டார்சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் உன் சட்டையும் கைக்கடிகாரமும் ஒரு ஜோடி டிரம்ஸ் குச்சியும் இருந்தன. பின்பாக்கெட்டில் குச்சி இல்லாமல் நீ வேலைக்குப் போனதே இல்லையே. கலா அந்தப் பையைத் தொடவில்லை. குச்சிகளை நான் எடுத்து என் பாஸ் கிட்டார் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

உன் இடத்துக்கு ராஜன் யாரைக் கூப்பிட்டான் தெரியுமா? குளுவாங் குணாவை. ஆமாம், அதே குணாதான். அந்த டிரம்ஸ் போட்டியில் அவரை ஜெயித்துவிட்டு, மைக்கைப் பிடித்து, "அவரு நல்லா வாசிச்சாரு, ஆனா மிஷின்" என்று நீ கிண்டல் செய்தாயே, அந்த மனுஷன். ராஜனிடம் கத்தினேன். "பாட்டுக்காரன் நானு, எனக்குப் பின்னால ஒரு ஆளு வேணும் லா. சும்மா நாற்காலிய வச்சிக்கிட்டா பாடுறது?" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

முதல் வாரம் கஸ்டம்ஸில் மாட்டினோம். சாமான் பட்டியலை எப்போதும் நீதான் எழுதுவாய். இந்த முறை நான் எழுதி, உன் டிரம்ஸையே எழுத மறந்துவிட்டேன். அதிகாரி வேனைக் காலி செய்யச் சொன்னார். என் பெட்டியையும் தரையில் பிரித்துப் போட்டார்கள். டிரம்ஸ் இந்தப் பக்கமே தங்கிவிட்டது. ஹாலில் இருந்த பழைய டிரம்ஸில் குணா உட்கார்ந்தார்.

முதல் பாட்டே இசைத்தட்டாக வந்த நம் ரயில் பாட்டு. குணா ஒழுங்காக எண்ணினார். ஒன், டூ, த்ரீ, ஃபோர். நாங்கள் மூன்று பேரும் மூன்று முடிந்ததுமே நுழைந்துவிட்டோம்!

யாருடைய தப்பு சொல்லு? உன்னுடையதுதான். பள்ளிக்கூட பேண்டில் மலாய் வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி சத்து, டுவா, தீகா என்று எண்ணுவாய். நாலாவதைச் சொல்ல உனக்குப் பொறுமை இருக்காது. மூன்றோடு அடி விழுந்துவிடும். இருபது வருஷமாக நாங்களும் உன்னோடு ஓடியே பழகிவிட்டோம். இசைத்தட்டிலேயே அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. இப்போது குணா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கல்யாண வீட்டில் பாத்திரம் சரிந்த மாதிரி ஒரு சத்தம். ராஜன் இருமலை வரவழைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

இரண்டாவது வாரம் பீட்டர் தன் மகனுடைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்துவிட்டான். பாதி நிகழ்ச்சி வரை லீட் கிட்டாரே இல்லை. பாலத்தில் ஜாம் வேறு. ஓடிவந்து ஏறிய அவசரத்தில் குணா தன் குச்சிப் பையை வேனிலேயே விட்டுவிட்டார். வேனோ இடம் தேடி எங்கோ போய்விட்டது. "யாருகிட்டயாச்சும் குச்சி இருக்கா?" என்று குணா கேட்டார். என்னைத்தான் பார்த்துக் கேட்டார்.

இல்லை என்று சொன்னேன் மச்சான். உன் குச்சிகள் என் காலடியில், பெட்டிக்குள் இருந்தன.

யாரோ கீழே சீனக் கடைக்கு ஓடி, மீ நூடுல்ஸ் பிரட்டுகிற நீளமான சாப்ஸ்டிக்கை வாங்கி வந்தார்கள். குணா அதைக் கொண்டே வாசித்தார். மூன்றாவது பாட்டில் ஒன்று முறிந்து முதல் வரிசையில் போய் விழுந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். பாதிக் கம்போடு அவர் தாளம் தவறாமல் முடித்தார். நீயாக இருந்தால் மேடையிலிருந்து இறங்கிப் போயிருப்பாய், பொய் சொல்லாதே.

வீட்டுக்கு வந்து கலாவிடம் சொன்னேன். சாப்ஸ்டிக் கதைக்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "எங்கண்ணன் குச்சி உங்க பெட்டியிலதானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நேற்று வரை சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நான் யாருக்காகப் பொய் சொன்னேன்? உனக்காகவா? இன்னொருவர் கையில் அந்தக் குச்சி போனால் நீ நிஜமாகவே போய்விட்டாய் என்று ஆகிவிடும். அதுதான் பயம். வேறொன்றுமில்லை.

மூன்றாவது வாரம் ராஜன் முடிவாகச் சொன்னான். "ஆறாவது வாரம் அந்த ரயில் பாட்டப் பாடுவோம். அதக்கூட ஒழுங்கா ஆரம்பிக்க முடியலன்னா சுடா லா, போதும், கலைச்சிடலாம். அசிங்கப்பட்டுக்கிட்டு மேடையில நிக்க வேணாம்." அதுவரை ரயில் பாட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். கூட்டம் கேட்டுக் கேட்டுக் கத்தும். நாங்கள் செவிடர் மாதிரி அடுத்த பாட்டுக்குப் போவோம். வியாழக்கிழமைதோறும் டயர் கடை மாடியில் நாலு எண்ணி முடிக்கும் வரை காத்திருக்கப் பழகினோம். ஐம்பது வயதில் எண்ணப் பழகுகிற கஷ்டம் உனக்குத் தெரியாது. பீட்டர் ஒரு காலை மறு காலால் மிதித்துக்கொண்டு நிற்பான். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது நிறுத்துவோம், போனதும் மறுபடியும் ஒன், டூ. குணா முகம் சுளிக்கவே இல்லை. ஒருநாள் மட்டும், "அவரு எப்படித்தான் இவ்வளவு வேகமா வாழ்ந்தாரோ" என்றார். நான் கிட்டாரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

நேற்றுதான் ஆறாவது வாரம். பாஸ்போர்ட் சரி, பட்டியல் சரி, உன் டிரம்ஸும் வந்து சேர்ந்தது. கலாவும் வந்திருந்தாள். ரயில் பாட்டு என்று ராஜன் சொன்னதும் ஹால் எழுந்து நின்றது. குணா எண்ண ஆரம்பித்தார். ஒன், டூ, த்ரீ. நாங்கள் மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். நல்ல பிள்ளைகளாக நாலுக்குக் காத்திருந்தோம்.

ஹால் காத்திருக்கவில்லை மச்சான். மூன்று முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே குரலில் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

இருபது வருஷமாக அந்த இசைத்தட்டைக் கேட்டவர்கள் அல்லவா? காரிலும் கல்யாணத்திலும் பேக்டரி பஸ்ஸிலும் உன்னோடு மூன்றில் நுழைந்தே பழகியவர்கள். நாங்கள் இத்தனை வாரமாக எதைத் திருத்திக்கொண்டிருந்தோம்? குணா நாலைச் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். குச்சி ரெண்டும் அந்தரத்தில். பிறகு சிரித்தார் பார், அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ராஜனும் சிரித்து, கையைத் தூக்கி, "அலமாக்! இருங்க இருங்க, மொதல்லேருந்து!" என்று கூட்டத்தை அடக்கினான்.

அந்த இடைவெளியில் என் பெட்டியைத் திறந்தேன். உன் குச்சிகளை எடுத்துக்கொண்டு குணாவிடம் போனேன். "இது மணியத்தோடது. மன்னிச்சிருங்க. அன்னிக்கே என்கிட்ட இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார். "மொத வாரம் கஸ்டம்ஸ்ல உங்க பெட்டிய பிரிச்சப்பவே பார்த்தேன். நீங்களா குடுக்காம நான் எப்படி வாங்குறது?"

அந்தச் சாப்ஸ்டிக்கோடு அவர் உட்கார்ந்திருந்த காட்சி எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மிஷின் என்றாயே, பாவி.

குச்சியின் அடியைத் தடவிப் பார்த்தார். நீ கடித்து வைத்த பல் தடம். "கடிச்சி வச்சிருக்காரே மனுஷன்" என்று முணுமுணுத்துவிட்டு நேராக உட்கார்ந்தார். சத்து, டுவா, தீகா. அடி விழுந்தது. நாங்களும் ஹாலும் ஒன்றாக உள்ளே போனோம். நான் அழுதுகொண்டே வாசித்தேன், ஒரு சுரம் தவறவில்லை. முதல் வரிசையில் கலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது, தெரியுமா?

முடிந்ததும் குணா குச்சிகளைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அந்தப் பாட்டுக்கு மட்டும் குடுங்க, போதும். மத்ததுக்கு நான் நாலு வரைக்கும் எண்ணிக்கிறேன்" என்றார். ராஜன் அடுத்த வியாழக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டான். கலைப்பது பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். இனிமேல் சாமான் பட்டியலின் முதல் வரியிலேயே உன் குச்சிகளை எழுதுவேன். ஒளித்துக் கொண்டுபோக மாட்டேன், யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டை நாங்கள் வாசிக்கிற வரைக்கும், நாலாவதை யாரும் சொல்ல விடமாட்டேன்.

கோப்பி ஆறிவிட்டது. கலா பார்த்தால் திட்டுவாள். உனக்காக நானே குடித்துவிடுகிறேன்.

லாயாங் லாயாங்கிலிருந்து,
உன் தங்கையைக் கட்டியவன், இன்று காலை முதல் அவள் மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிற பாக்கியவான்,
உன் மச்சான் தேவா