ஜெரோம் அண்ணனின் மூன்றாவது பத்தி

அன்புள்ள மாமா,

இந்த மடலில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னைப் பற்றி எழுத வேண்டி வந்தாலும் அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் எனக்கு மனம் மாறிவிடும்.

இன்று வெள்ளிக்கிழமை. கோடை முடிந்து மைதானத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. காலையில் யாரோ முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கோடாலித் தைலக் குப்பி மூடி தளர்ந்து கவிழ்ந்து கிடந்தது. பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல் எல்லாவற்றிலும் உங்கள் மேல் எப்போதும் வீசும் அந்த வாசனை. ஸ்கோர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த நான் சட்டென்று நிமிர்ந்து உங்களைத் தேடினேன். உங்கள் பச்சை ஹெல்மெட்டைத் தேடினேன் என்பதே சரி. விடுமுறை நாளில், நிழற்குடையின் கீழே, ஹெல்மெட்டோடு உட்காரும் மனிதர் ஓமானின் இந்த சோஹாரிலேயே நீங்கள் ஒருவர்தான். அதன் பிறகே நினைவு வந்தது, மே மாதம் லீவில் திருச்சிக்குப் போனவர் அங்கேயே தூக்கத்தில் போய்விட்டீர்கள் என்று.

அழவில்லை மாமா. முதல் வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வந்து சிரிப்புதான் வந்தது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அப்பா வேலை பார்க்கும் கட்டுமான சைட்டில் இருந்த அமெரிக்க எஞ்சினியர் தன் ஊர்க் கால்பந்தை எல்லோருக்கும் பழக்க ஆசைப்பட்டார். காலால் உதைப்பது அல்ல, கையால் எறிவது. ஆளை மோதித் தள்ளாமல் விளையாடும் சாதுவான வகை. இடுப்பில் இரண்டு துணி நாடா தொங்கும், பந்தோடு ஓடுபவரின் நாடாவை உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். கம்பெனி மைதானத்தில் பத்துப் பேர் கூடினால் சேஃப்டி ஆபீசர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி. அதனால் நீங்கள் வந்தீர்கள். சைட்டில் தினமும் வேலைக்கு முன் நடத்தும் பாதுகாப்புப் பேச்சை, டூல்பாக்ஸ் டாக்கை, அங்கேயும் நடத்தினீர்கள். பதினான்கு பேரை வரிசையில் நிறுத்தி, கையில் அட்டையோடு, "உயரத்துல வேலை? இல்லை. நெருப்பு? இல்லை. பறக்கும் பொருள்? இருக்கு. கண்ணுக்குக் கண்ணாடி எங்கப்பா?" என்று கேட்டீர்கள். அமெரிக்கர் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் சிரிக்கவே இல்லை.

அவர் கொடுத்த விதிப்புத்தகத்தை நான் இரண்டு நாளில் படித்து முடித்திருந்தேன். அதைக் கேள்விப்பட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

"ஏம்மா, டச்டவுன்னா பந்தைத் தரையில தொடணும்தானே?"

"வேண்டாம் அங்கிள். கோட்டைத் தாண்டினா போதும்."

"அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?"

"புத்தகத்துல அது இல்லை."

"நல்ல புத்தகம்! அது போகட்டும், அங்கிள்னு கூப்பிடாதே. பத்து வயசு கூடிப்போகுது. மாமான்னு சொல்லு."

அன்று முதல் நீங்கள் மாமா, நான் உங்களுக்கு 'ரூல்புக்'. எங்கள் வீடுகள் எதிரெதிர் கதவுகள்தான் என்றாலும் அதுவரை நாம் படிக்கட்டில் தலையசைத்ததோடு சரி.

பின்னால் நின்று பந்தை எறிகிறவருக்கு குவாட்டர்பேக் என்று பெயர். எங்கள் சைட் அணிக்கு அது ஜெரோம் அண்ணன். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், சைட்டில் ரிக்கர், அதாவது கிரேன் கொக்கியில் சுமையைக் கட்டி அனுப்புகிறவர். தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரும் பெயரைச் சுருக்கி அவரை 'குவாட்டர்' என்று கூப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள், பிறகு அப்பாவை முறைத்தாள். அப்பா குளிக்கப் போய்விட்டார்.

ஜெரோம் அண்ணன் எறிந்தால் பந்து காற்றில் சுழலும் சத்தம் என் மேசைவரை கேட்கும். அமெரிக்கரே வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். ஆனால் பக்கத்தில் ஆள் சும்மா நின்றாலும் அவர் அங்கே எறியமாட்டார். மைதானத்தின் மறுகோடியில், இரண்டு எதிராளிகளுக்கு நடுவே, ரோமி ஒரு கையை மட்டும் நீட்ட இடம் இருந்தால் அங்கேதான் எறிவார். ரோமி எங்கள் பிலிப்பைன்ஸ் வெல்டர், காற்றைப் போல ஓடுவார். பாதி நாள் ரோமி பிடிப்பார், பாதி நாள் எதிரணி பிடித்துக்கொண்டு ஓடும்.

"லேய், கிட்ட நிக்குதவனுக்குக் குடுல!" என்று சொந்த அணியே கத்தும்.

"அது யாரும் குடுப்பான் மக்கா!" என்பார் அவர்.

சைட்டிலும் அப்படித்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். ஏணி வரும்வரை பொறுக்காமல் கிரேன் கொக்கியில் தொங்கியபடியே மூன்றாம் தளத்துக்குப் போனவர். அதனால்தான் கிரேன் ஆபரேட்டர் கார்டுக்கு அவர் கொடுத்த விண்ணப்பம் இரண்டு முறை உங்கள் மேசையில் கையெழுத்து இல்லாமல் திரும்பியது. ஆபரேட்டர் ஆனால்தான் குடும்ப விசா கிடைக்கும். ஸ்டெல்லா அக்கா ஊரில் இருந்தார். பிறந்து பதினாறு மாதமான மகளை அண்ணன் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டம் முடிந்ததும் போன் கார்டைச் சுரண்டிக்கொண்டே ஓடுவார். ஒருநாள் என்னிடம், "எம் பிள்ளைக்கி என் குரல் தெரியும் கேட்டியா, ஆளைத்தான் தெரியாது" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து நான் அவர் கட்சி. உங்களோடு தினமும் சண்டை.

"அவர் இப்போ மாறிட்டார் மாமா. போன வாரம் நாலு தடவை கிட்ட இருந்தவங்களுக்குத்தான் குடுத்தார்."

"ரெண்டு ஜெயிச்சதும் ஆளு மாறிட்டான்னு நீ சொல்றே. நான் பார்க்கறது வேற." நோட்டை என் கையிலிருந்து வாங்கினீர்கள். அதில் நான் இரண்டு பத்திகள் வைத்திருந்தேன், 'பிடித்தது', 'பறிபோனது' என்று. நீங்கள் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்து, மேலே 'தப்பியது' என்று எழுதினீர்கள். "எதிராளி விரல் பட்டும் நம்ம அதிர்ஷ்டத்துல நம்ம ஆளு கைக்கு வந்தா, அது பிடிச்சது இல்லை. இங்கே எழுது. சைட்டுல இதுக்கு நியர் மிஸ்னு பேரு."

சைட் வாசலில் மஞ்சள் அட்டைகள் போடும் பெட்டி ஒன்று இருந்ததே, அதைப் பற்றியும் அன்றுதான் சொன்னீர்கள். விபத்து நூலிழையில் தப்பினால் அதை அட்டையில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். "ஏழு வருஷமா திறந்து பார்க்கறேன். உள்ளே இருக்கறது பூரா அடுத்தவன் செஞ்சது. சிமென்ட்காரன் ஹெல்மெட் போடலை, பாகிஸ்தானி டிரைவர் வேகமா வந்தான். நான் தப்பா கட்டினேன், நல்லவேளை விழலைன்னு ஒருத்தன் எழுதினதில்லை."

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அடுத்த மூன்று ஆட்டங்களில் மூன்றாவது பத்தி காலி. ஜெரோம் அண்ணன் பள்ளிப் பிள்ளை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து ஆடினார். உண்மையைச் சொன்னால் பார்க்கக் கொஞ்சம் சலிப்பாக இருந்தது. துறைமுக அணியோடு கடைசி ஆட்டம் வந்தபோது நீங்கள் அவரையும் என்னையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொன்னீர்கள்:

"இன்னைக்கும் இந்தப் பத்தி காலியா இருந்தா, சனிக்கிழமை காலையில ஆபீஸ் திறந்ததும் கையெழுத்து. ரூல்புக் சாட்சி."

ஜெரோம் அண்ணன் தலையைத் தலையை ஆட்டினார். ஸ்டெல்லா அக்காவிடம் போனில் சொல்லியும்விட்டார்.

கடைசி நிமிடம். நாம் நான்கு புள்ளி பின்னால். டச்டவுன் ஒன்று வந்தால் ஆறு. அப்போது பார்த்து நமது ஆள் ஒருவர் கணுக்கால் பிசகி என் மேசைக்கு எதிர் முனையில் விழுந்தார். நீங்கள் தைலக் குப்பியும் ஐஸுமாக அங்கே ஓடி, அவரைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்தீர்கள், ஆட்டம் தொடர்ந்தது. உங்கள் முதுகு எங்களுக்கு. ஜெரோம் அண்ணன் கையில் பந்து. இடப்பக்கம் நமது ஆள் ஒருவர் தனியாக நின்று கையாட்டினார். அவருக்குக் கொடுத்தால் கொஞ்சம் முன்னேறலாம், அதன் பிறகும் இரண்டு வாய்ப்புகள் மிச்சம். அண்ணன் அவரைப் பார்த்தார். நான் பார்த்தேன், அவர் பார்த்ததை. பிறகு திரும்பி, முழு மைதானத்தையும் தாண்டி, மூலையில் ஓடிக்கொண்டிருந்த ரோமிக்கு எறிந்தார்.

ரோமிக்கு முன்னால் துறைமுக அணியின் உயரமான கோவாக்காரர் எழும்பினார். பந்து அவருடைய இரண்டு விரல்களில் பட்டது. என் மேசை அந்த மூலையில்தான் இருந்தது, எனக்குச் சத்தம்கூடக் கேட்டது. பட்டு, எகிறி, ரோமியின் நெஞ்சில் வந்து விழுந்தது. ரோமி கோட்டைத் தாண்டி விழுந்தார். வென்றுவிட்டோம். "குவாட்டர்! குவாட்டர்!" என்று கத்திக்கொண்டு அண்ணனைத் தோளில் தூக்கினார்கள். நீங்கள் திரும்பியபோது ரோமி தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்ததை மட்டுமே பார்த்தீர்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெரோம் அண்ணன் தோளிலிருந்து இறங்கி என் மேசைக்கு வந்தார். பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கேட்டார்.

"மக்ளே, அந்தக் கடேசி எறி எங்க எழுதுன?"

நான் நோட்டைக் கையால் மறைத்தேன்.

"அது மூணாவதுல்லா? அந்த கோவாக்காரன் வெரல் பட்டுச்சே."

"மாமா பார்க்கலைண்ணா."

"நான் பாத்தேன்லா."

"கார்டு போயிடும்ணா. அக்கா, பாப்பா..."

அவர் கழுத்தைச் சொறிந்தார். தூரத்தில் உங்களைப் பார்த்தார்.

"போவட்டும்." பிறகு, "போவப்படாது, எம்மா, போவப்படாது. ஆனாலும் எழுது. வெரசா எழுது மக்ளே, எனக்கு மனசு மாறிரும்" என்றார்.

எழுதினேன். நீங்கள் வந்தீர்கள். ஆட்காட்டி விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்து மூன்றாவது பத்தியில் நின்றீர்கள்.

"இது யார் சொல்லி?"

"அவரேதான்."

அண்ணனைப் பார்த்து, "தெரிஞ்சேதான் எறிஞ்சியா?" என்றீர்கள்.

"ஆமா சார்."

"ஏன்டா?"

"ஆசையா இருந்துச்சு சார்."

ஹெல்மெட் நழுவிக் கீழே விழும் அளவுக்கு நீங்கள் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். அண்ணன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்த ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று அப்பா வந்து சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் குழப்பம்தான் அதிகம். எதிர்க்கதவைத் தட்டி நியாயம் கேட்டேன்.

"பத்தி காலியா இல்லையே மாமா? விதி விதிதானே?"

"காலியா இருந்த மூணு ஆட்டத்துல எனக்கு அவனைப் பத்தி ஒண்ணும் தெரியலைம்மா. பயந்து ஆடினானா, பழகி ஆடினானா? நேத்துதான் தெரிஞ்சுது. கிரேன் மேல தனியா உட்கார்ந்திருக்கறப்போ அங்கே நான் இருக்கமாட்டேன். அவன் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"அப்போ அவர் மாறிட்டாரா?"

"எறியறதுல மாறலை. எழுதச் சொல்றதுல மாறிட்டான்" என்றீர்கள். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்கள். கட்டைவிரலால் ஓர் இடத்தை லேசாகத் தேய்த்தீர்கள். "இனிமே பேனாவில எழுதும்மா" என்றீர்கள். அத்தை கொண்டுவந்த பக்கோடாவை என் பக்கம் தள்ளினீர்கள்.

மாமா, நீங்கள் தேய்த்த இடம் முதல் பத்தி. நான் அந்த எறியை முதலில் 'பிடித்தது' என்று எழுதியிருந்தேன். விரல் பட்டது தெரிந்தும், சத்தம் கேட்டும், பாப்பா வரவேண்டும் என்பதற்காக எழுதினேன். அண்ணன் வந்து கேட்ட பிறகுதான் ரப்பரால் அழித்து மூன்றாவது பத்திக்கு மாற்றினேன். "அவரேதான்" என்று நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருந்தது. உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நானாகச் சொல்வேன் என்று ஒரு வருடம் காத்திருந்தீர்கள் போல. லீவு முடிந்து வந்ததும் சொல்லலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது ஜெரோம் அண்ணன் நம் சைட்டின் பெரிய கிரேனில் உட்காருகிறார். மஞ்சள் அட்டைப் பெட்டியில் அவர் பெயர் போட்டே ஐந்து அட்டைகள் விழுந்திருக்கின்றனவாம், அப்பா சொன்னார். பாப்பா இங்கே வந்த முதல் ஒரு வாரம் அவரைக் கண்டாலே அழுதது, போனில் பேசினால் மட்டும் சிரித்தது. அதனால் அவர் அடுத்த அறைக்குப் போய் போனில் பேசிப் பேசியே பழக்கினார். இன்று அது கோட்டுக்கு வெளியே நின்று "குவாட்டர்" என்று கத்தியது. ஸ்டெல்லா அக்கா வாயைப் பொத்தினார். அண்ணன் இன்றும் இரண்டு தடவை மறுகோடிக்கு எறிந்தார். இரண்டு தடவையும் எதிராளி விரல் பட்டது. ஆட்டம் முடியுமுன்பே என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டிச் சிரித்தார்.

எனக்கென்று ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரே பத்திதான். கணக்குப் பரீட்சையில் பக்கத்துத் தாள் தானாகக் கண்ணில் பட்டது, தோழியின் ரகசியம் வாய்வரை வந்து நின்றது, இப்படி யாருக்கும் தெரியாமல் தப்பியவை. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, எழுதிய பிறகு நன்றாகத் தூங்குகிறேன். முதல் பக்கத்தை மட்டும் இத்தனை நாள் வெறுமையாக விட்டிருந்தேன். அதில் எழுத வேண்டியதை இப்போது உங்களிடம் எழுதிவிட்டேன்.

ரிக்ரியேஷன் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். மேசை நாற்காலிகளை அடுக்கி முடித்த பங்களாதேஷ் அண்ணன் முடிந்தது என்பதை அரபியில் "கலாஸ், கலாஸ், பேபி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வரி என்று கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்குகளை அணைத்துவிட்டார். இந்தக் கடைசி வரி கோணலாகத்தான் இருக்கும், மாமா. இருட்டில் எழுதியது.