ஆராதனை முடியும்வரை

திருப்பதி, 7-3-1938

அன்புள்ள நைனாவுக்கு, கிருபாவதி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

மெட்ராஸ் பந்தயத்துக்குக் கூப்பிடாத காலேஜுகளுக்கென்று இங்கே பாஸ்கட்பால் பந்தயம் வைத்தார்கள். தம்பி சத்தியநாதனின் டீம் பைனலுக்கு வந்தது. ஆட்டம் ஞாயிறு காலை என்றதும், "ஆராதனைய உட்டுட்டு வரமாட்டோம், கப்ப அவங்களே எடுத்துக்கட்டும்" என்று டீமோடு கோவிலுக்கு வந்துவிட்டான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எதிர் டீம் கோவர்த்தனன் வாசலில் நிற்கிறான். "இன்னாடா சத்தியா, உங்க பாதிரி ஐயர் பிரசங்கம் இம்மா நீளமா? உங்களுக்காக வெயில்ல குந்திக்கினு கீறோம், வா!"

போய் ஆடி, ஒரே கூடை வித்தியாசத்தில் தோற்றோம். கத்தியதில் எனக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது. கோபிக்காதீர்கள்.

மிஷன் காம்பவுண்டில் அடி அறுத்த மூங்கில் கூடையைக் கட்டி எங்களை ஆடவிட்டீர்களே, அது இருந்தால் கொடுத்தனுப்புங்கள். முற்றத்தில் மாட்டுகிறேன். உங்கள் மருமகன் ரயில் டியூட்டிக்குப் போனால் வீட்டில் சத்தமே இல்லை.

தபால் எடுக்கும் நேரமாகிறது.

கிருபா